புகை வரும் வீடு

எல்வா காய்ந்த சாணத்தை அடுப்பில் அடுக்கி ஊதினாள். எதிரே கல்கட்டிலில் அவள் கணவன் கொர்ன் வாய் திறந்தபடி கிடந்தான். அவனுடைய தங்கை சில்மா அவன் கையை விடவில்லை.

“அண்ணி, அண்ணன் கை சில்லுனு ஆயிடுச்சு.”

“தெரியும்.”

“அப்ப அடுப்ப அணைக்கணும்ல?”

“சாயங்காலம் அணைக்கலாம். அதுவரைக்கும் எரியட்டும்.”

அடுப்பு அணைந்தால்தான் அந்தத் தீவில் ஒரு வீட்டில் சாவு. சாவு விழுந்த வீட்டார், ஊரே சேர்ந்து மேட்டில் நடும் நெடுங்கல்லைத் தொடக் கூடாது. ஆனால் கல் நிமிரும் நாளில் அதை இழுக்க எந்த வீட்டுக் கயிறு இல்லையோ, அந்த வீட்டு எலும்புகளுக்கு முன்னோரின் கல்வீட்டில் இடமில்லை. அந்த நாள் இன்றுதான்.

“தப்பு அண்ணி.”

“தப்புதான். கோடை முழுக்க இழுத்தாரு உங்கண்ணன். அவர் எலும்ப நண்டுக்குப் போடச் சொல்றியா?”

சில்மா அண்ணன் கையை விட்டாள். எழுந்து இன்னொரு சாணக்கட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

எல்வா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனாள். ஈரக் கடற்பாசி விரித்த பாதையில் கல் படுத்திருந்தது. அதன் அடிப்பாகம் குழியின் விளிம்பைத் தொட்டிருந்தது. இழுப்பவர்களுக்குத் தலைவனான பிரேக் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னம்மா, புருஷன் எங்க?”

“தூங்குறாரு.”

“கல்லு நிக்கிற அன்னிக்குத் தூங்குறான் பாரு, கொடுத்து வச்சவன்!”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஒர்னா மட்டும் சிரிக்கவில்லை. எல்வாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கின் சிரிப்பும் மெல்ல அடங்கியது. அவன் திரும்பிக் கீழே அவள் வீட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தான்.

“புகை வருது,” என்றான் உரக்க. “இவ கயிறையும் கட்டுங்க.”

இழுத்தார்கள். கல் குழியில் இறங்கி, சாய்ந்தபடி நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார்கள். மதியத்துக்குள் எல்வாவின் உள்ளங்கை உரிந்து கயிறு வழுக்கியது. ஒர்னா தன் இடத்தை விட்டு அவளுக்குப் பின்னால் வந்து அதே கயிற்றைப் பிடித்தாள்.

“விட்றாதடி,” என்றாள் காதோரம். “இன்னும் கொஞ்சம்தான்.”

“விடமாட்டேன்.”

வெயில் சாயும்போது கல் நிமிர்ந்தது. குழியில் கற்களைக் கொட்டி இறுக்கினார்கள். ஆரவாரம் எழுந்தது. பன்றிக்கறி வேகும் வாசனை மேடெங்கும் பரவியது. எல்வா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

வாசலில் குனியும்போதுதான், மேட்டில் ஒரு சத்தமும் இல்லை என்று உணர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

சரிவில் எல்லோரும் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பிரேக்கும் ஒர்னாவும் ஓர் ஆள் நீளப் பலகையைத் தூக்கி வந்தார்கள். அதன் மேல் பிணத்தைச் சுற்றும் புதுத்தோல் ஒன்று விரித்திருந்தது.