ஒன்பதாவது கட்டத்தில் கையெழுத்து இல்லை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் மனைவியின் விண்ணப்பத்தை, 'முழுமையற்றது' என்று சீட்டு ஒட்டி நானே திருப்பி அனுப்பிய அன்று, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

நான் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுப் பரிமாற்றப் பிரிவில் எழுத்தர். இங்கிருந்து போகிற மாணவர்கள், அங்கிருந்து வருகிற ஊழியர்கள் எல்லோரும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். பதினெட்டு வருஷமாக ஊரையே வழியனுப்பி வைத்திருக்கிறேன். நான் எங்கும் போனதில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்:

[பிரிவு என்பது இரு மனங்களுக்கு இடையே மெல்ல மெல்ல விரிந்துகொண்டே—]

இப்படி எழுதிக்கொண்டு ஒரு மாணவன் வந்தால், "சுருக்கி எழுதிட்டு வாப்பா" என்று அனுப்பிவிடுவேன். அடித்தாயிற்று. அடுத்தது:

[ஞாயிற்றுக்கிழமை அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.]

இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.

2

அவள் எங்கள் நூலகத்தில் கிழிந்த, சிதைந்த புத்தகங்களைச் சரிசெய்கிறவள். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. நனைந்ததைக் காப்பாற்ற ஒரு வருஷத்துக்கு என்று போனாள். பத்து மாதம் முடிந்துவிட்டது.

(எங்கள் ஒப்பந்தம் தலைக்குத் தலை. இங்கிருந்து ஒருவர் அங்கே இருக்கும்வரை அங்கிருந்து ஒருவர் இங்கே இருப்பார். ஒருவர் கிளம்பினால் மற்றவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.)

"சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. இன்னிக்கு ஒரு அட்லஸ் காய வெச்சேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல தாள் வெச்சு, மாத்தி மாத்தி. ஒரு கடல் மட்டும் கலைஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் பொழச்சிருச்சு."

"ம்."

"அப்புறம்… உங்க ஆபீசுக்கு ஒண்ணு வரும். பாத்துட்டு என்ன தோணுதோ சொல்லுங்க."

"ஆபீஸ் விஷயத்த வீட்டுல பேசாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

இது நான்தான். கதாபாத்திரத்தைக் கொஞ்சம் நல்லவனாக்கலாமா என்று பார்த்தேன், கை வரவில்லை. அவள் முதன்முதலில் விண்ணப்பித்தபோதே சொல்லிவிட்டேன்: "வீட்டுக்காரன் இருக்கான்னு சலுகை கேக்காத. முறையா வா." முறையாகத்தான் வந்தாள். பதினொரு விண்ணப்பங்களோடு அவளுடையதும் அடுக்கில் இருந்தது. அன்று அதை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

3

புதன்கிழமை வந்தது. நீட்டிப்பு விண்ணப்பம், இன்னும் ஆறு மாதம். கீழே அவளுடைய கையெழுத்து.

ஆறு மாதம்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் மேஜைக்கே! ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒன்பதாவது கட்டம் மட்டும் காலி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். சீட்டை எடுத்தேன்: 'முழுமையற்றது. கட்டம் 9 நிரப்பப்படவில்லை. திருத்தி அனுப்பவும்.'

வாசகரே, ஒன்பதாவது கட்டத்தில் என்ன இருக்கும் என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். எனக்கே அன்று உறைக்கவில்லை.

4

ஒரு கதைக்கு வில்லி வேண்டுமே. அவளுக்குப் பதிலாக அந்த நூலகத்திலிருந்து இங்கே வந்திருக்கும், அங்கே குடியேறிய தமிழ்க்காரரான நூலகர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பதிலி'. என் மனைவியின் நாற்காலியில், அவள் தைத்துப் போட்ட திண்டின் மேல் உட்கார்கிறார். இங்கே சொகுசாக ஒட்டிக்கொள்ள அவர்தான் இந்த நீட்டிப்பைக் கிளப்பியிருப்பார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து நூலகத்துக்குப் போனேன்.

"நீட்டிப்பு நீங்க கேட்டதுதானே மேடம்?"

தேதி முத்திரையைக் கீழே வைத்தார். "நானா? என் பொண்ணு போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தா சார். வகிடு கோணலா இருந்துச்சு. தலைய அவளே பின்னிக்கிறா போல. பாத்துட்டு அன்னிக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல."

"அப்ப ஏன் சம்மதிச்சீங்க?"

"நனைஞ்சது எங்க புத்தகமாச்சே. பாதிதான் காஞ்சிருக்கு. உங்க வீட்டம்மா இப்ப கிளம்பினா மீதியெல்லாம் பூஞ்சைக்குத்தான். எனக்கு அந்த வேலை தெரியாது." என்னையே பார்த்தார். "வீட்டுல கேட்டுட்டுத்தான போட்டாங்க?"

"கேட்டா, கேட்டா" என்றேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். வில்லியின் இடம் காலியாக இருக்கிறது. யார் அதற்குப் பொருத்தம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

5

இரண்டு வாரம் கழிந்து, இன்று வெள்ளி. காலைத் தபாலில் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒன்பதாவது கட்டம் மறுபடியும் காலி. கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி:

'போன தடவ படிக்காம போட்டீங்க. இந்தத் தடவ படிச்சுட்டுப் போடுங்க.'

ஒன்பதாவது கட்டம்: துணைவரின் ஒப்புதல்.

அது அவள் நிரப்பவேண்டிய கட்டமே இல்லை. அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். முறையாக, நான் சொல்லிக்கொடுத்த வழியில். நான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு சீட்டு ஒட்டியிருக்கிறேன். எந்தப் புருஷனும் செய்யமாட்டான். ஒரு குமாஸ்தாதான் செய்வான்.

எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் ஜலதோஷம் என்றேன்.

6

முடிவுகள். மாலை நான்கு மணிக்குக் கோப்பு மேலே போயாக வேண்டும். போகாவிட்டால் நீட்டிப்பு கிடையாது. ஏன் என்று யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

(அ) கையெழுத்துப் போடுகிறேன். புத்தகங்கள் பிழைக்கின்றன. பதிலியின் மகள் இன்னும் ஆறு மாதம் தானே தலை பின்னிக்கொள்கிறாள். நான் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தட்டைக் கழுவி—

(ஆ) கோப்பை இழுப்பறையில் வைத்துவிட்டு நான்கு மணி அடிக்கக் காத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்குள் அவள் வந்துவிடுவாள். கதவைத் திறப்பேன். "தபால்ல எங்கயோ மாட்டிக்கிச்சு போல" என்பேன். அவள் "பரவால்ல" என்பாள். அதன் பிறகு எப்போது அவள் எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் நான்—

(இ) எனக்குப் பிடித்தது. நானே ஊழியர் பரிமாற்றத்துக்கு விண்ணப்பித்து அவளிடம் போய்விடுகிறேன். ஆனால் இந்தப் பிரிவின் எழுத்தர் விண்ணப்பிக்கக் கூடாது. விதி பதினான்கு. எழுதியவன் அடியேன்.

போன் போட்டுப் பேசித் தொலையேன் என்கிறீர்கள். பேசினால் "உங்க இஷ்டம்" என்பாள். என் இஷ்டம் என்ன என்பதை நான் இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. அவள் கேட்பதும் அதைத்தான்.

ஆகவே அவளுடைய பென்சில் வரிக்குக் கீழே, நானும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'படிச்சேன். வீடு நல்லா இல்ல. நீ இல்லாம எனக்கு இருக்கப் பிடிக்கல. புத்தகமெல்லாம் பொழைக்கணும்.' நாலு வாக்கியமும் உண்மை. நாலில் எதையும் அடிக்க என்னால் முடியவில்லை.

கையெழுத்து மட்டும் பாக்கி. மணி மூன்று நாற்பது. பேனாவை நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள்.

9. துணைவரின் ஒப்புதல் (கையொப்பம்): ……………………