பைய உருவவும்

பீர் மைதீனின் சைக்கிளில் லாரியின் செல்ஃப் மோட்டாரைப் பூட்டிக் கொடுத்தவர் அவருடைய இருபத்தேழு வருடச் சேக்காளி சேக் முகம்மது. எதிரி யாராவது பூட்டியிருந்தால் பேர் கெட்டுப்போகுமே என்ற பயத்திலாவது ஒழுங்காகச் செய்திருப்பான்.

இரண்டு பேரும் மேலப்பாளையத்துக்காரர்கள். பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரில், நெசவாளர்களுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் சங்கம் ஒன்றில், ஒரே மேஜையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு டீ வாங்கி இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். ஒருவருக்குச் சளி பிடித்தால் இன்னொருவர் லீவு போட்டதாகவும் பேச்சு உண்டு.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் குலவணிகர்புரம் ரயில்வே கேட். கல்யாணத்துக்கு ஊர்வலமாக வந்து அந்தக் கேட்டில் நின்ற மாப்பிள்ளை ஒருவர், கேட் திறந்தபோது தலை நரைத்துப்போய்ப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். காலை ஒன்பது நாற்பதுக்குக் கேட் விழும். அதற்குள் தாண்டினால் பத்து மணிக்குக் கையெழுத்து. தாண்டாவிட்டால் பெயருக்கு நேரே சிவப்பு மை.

பீர் மைதீனின் முட்டு எட்டரை மணிக்கு முன்னால் மடங்காது. மடங்கினாலும் மிதிக்காது. இதைக் கண்டு இரக்கப்பட்டு, அவர் மனைவி மும்தாஜ் பேகத்தின் தம்பி ஹசன் அலி ஜித்தாவிலிருந்து லீவில் வந்தபோது சைக்கிளுக்கு மாட்டும் சின்ன கரண்டு மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பொருள்தான். ஆனால் பின்னால் ஒரு பூனை நின்று தள்ளுகிற மாதிரி தள்ளியது. மேடு வந்தால் பூனை தள்ளுவதை விட்டுவிட்டுக் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி இருக்கையில்தான் தொண்ணூற்றேழு மார்ச் முதல் தேதி, மானேஜர் அப்பாத்துரை இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"களக்காட்டுக் கிளைக்கு ஓர் ஆள் போகணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். நான் யார் பேரைச் சொன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்து அழுவீங்க. அதனால நான் சொல்லப்போறதில்ல. இந்த மாசம் யாருக்குச் சிவப்பு மை அதிகமோ அவருக்குக் களக்காடு."

வெளியே வந்ததும் சேக் முகம்மது சிரித்தார். "கூறுகெட்ட மனுசன் வே. நம்மளப் பிரிக்கப் பாக்காரு."

பீர் மைதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஷஃபீகா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்றிருந்தது. மும்தாஜ் பேகம் சேதியைக் கேட்டதும் சோற்றைப் போட்ட அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"களக்காட்டுல போயி இருந்துக்கிட்டு பேரப்பிள்ளைய தபால்லயா பாப்பிய?"

"இன்னும் முடிவாகலட்டி. சிவப்பு மை வாங்காம இருந்தா இங்கனயேதான்."

"ஒங்க முட்ட வச்சுக்கிட்டா?" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இருபத்தொன்பதாம் தேதிக்குள் பீர் மைதீனுக்கு இரண்டு சிவப்பு மை. சேக் முகம்மதுக்கும் இரண்டு. மீதி இருந்தது முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேக் முகம்மது தாமாகவே வந்தார். ரேடியோ, மிக்ஸி, பள்ளிவாசல் மைக் எது கெட்டாலும் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோளில் சாக்குமூட்டை. அவிழ்த்தால் உள்ளே ஒரு லாரியின் செல்ஃப் மோட்டார், ஒரு கார் பேட்டரி.

"இது என்ன வே?"

"பத்து டன் லோடோட நிக்கிற லாரிய உசுப்பி எழுப்புத மோட்டார் இது. உம்ம ஜித்தா கொசுவக் கழத்தி அங்கன வையும்."

"ஏன்வே, உமக்கும் ரெண்டு சிவப்பு மைதான. என்னையக் கேட்டுக்கு அந்தாண்ட தள்ளிவிட்டுட்டு உம்ம கதி என்ன?"

"நான் ஏழு மணிக்கே போயி கேட்டுக்கு அங்கன உக்காந்துக்கிடுவேன். உம்ம முட்டு ஏழு மணிக்கு எந்திரிக்குமா? நாளைக்கு ரெண்டு பேருமே நேரத்துக்குப் போயிட்டா அந்தாளு என்ன செய்வாரு? கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கட்டும்."

பீர் மைதீனின் கண் நிறைந்துவிட்டது. ஷஃபீகாவைக் கூப்பிட்டு, "மாமாவுக்குக் கூட ஒரு முட்டை அவிச்சுக் குடும்மா" என்றார். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும்.

நாலு மணி நேர வேலை. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்டுக்குச் சாதாரண சுவிட்ச் தாங்காது, உருகிவிடும். அதனால் சேக் முகம்மது ஹேண்டில் பக்கத்தில் இரண்டு செம்புத் தகடுகளை நிறுத்தினார். நடுவில் ஒரு செம்புத் துண்டைச் சொருகினால் மோட்டார் ஓடும். உருவினால் நிற்கும். கை சுடாமலிருக்கச் செம்புத் துண்டின் பிடியை ஒரு சின்னத் துணிப்பைக்குள் விட்டுத் தைத்தார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவைத்துப் பையைச் சொருகியதும் பின்சக்கரம் சுற்றிய சுற்றில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அந்தக் காற்றிலேயே பாதி உரிந்துவிட்டது. சேக் முகம்மது பையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார். நின்றது.

பிறகு ஒரு காகிதத்தில் எழுதி ஹேண்டிலில் ஒட்டினார். *நிறுத்த வேண்டுமானால் பைய உருவவும்.*

"மறந்துராதியும் வே. பைய உருவும்."

"பைய உருவுதேன் வே," என்றார் பீர் மைதீன்.

திங்கட்கிழமை ஒன்பது முப்பத்தெட்டுக்கு பிஸ்மி சொல்லிப் பையைச் சொருகினார். அவர் போன பிறகும் அவருடைய நிழல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றதாக மும்தாஜ் பேகம் சொன்னாள். பிறகு அதுவும் அவசரப்பட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டதாம்.

குலவணிகர்புரத்தில் கேட் விழுந்துகொண்டிருந்தது. பீர் மைதீன் குனிந்தார். அவர் தாண்டிவிட்டார், தொப்பி மட்டும் கேட் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றது. தெற்கு பஜாருக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பத்திரண்டு. அலுவலகப் படியில் அப்பாத்துரை நின்றார். பக்கத்தில் சேக் முகம்மது.

பீர் மைதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கவும் நேரம் இருக்கிறது. அவர் பையைப் பிடித்தார். சிக்கு விழுந்த பட்டுநூலை எடுக்கிற பக்குவத்தில், பைய உருவினார்.

செம்புத் துண்டு தகட்டை விட்டு முழுதாக விலகவுமில்லை, ஒட்டியிருக்கவுமில்லை. அந்த இடுக்கில் நீலமாக ஒரு பொறி பிடித்தது. பட்டறையில் வெல்டிங் வைப்பது போல ஒரு வெளிச்சம். துணிப்பை கருகிக் கையோடு வந்துவிட்டது. செம்புத் துண்டு தகட்டோடு பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

"சார், நான் வந்துட்டேன்!" என்று கத்தினார் பீர் மைதீன்.

"வந்தது சரி மைதீன், நிக்கணும்லா!" என்றார் அப்பாத்துரை. அதற்குள் சைக்கிள் நாலு கடை தாண்டியிருந்தது. சேக் முகம்மது படியில் நின்றபடியே ஒரு கையைத் தூக்கினார்.

குதித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேண்ட்டின் ஓரத்தைச் சங்கிலி கவ்விவிட்டது. பிரேக்கைப் பிடித்தார். செய்துங்கநல்லூருக்கு முன்னாலேயே பிரேக் கட்டைகள் புகையாகிப் போயின. திருச்செந்தூர் பஸ் ஒன்றை முந்தும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, வழியில ஆளு நின்னா வண்டி பின்னால வருதுன்னு சொல்லிருங்க!" என்றார். பீர் மைதீன் சொன்ன சொல் தவறாதவர். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சொல்லிக்கொண்டே போனார். புதுக்குடியில் ரோடு ஒடித்துத் திருப்பிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல் போகும்போது தாமிரபரணியில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பேட்டரி தீர்ந்து சைக்கிள் தானாக நின்ற இடம் கொற்கை.

முன் காலத்தில் கப்பல் வந்து நின்ற துறை. கடல் பின்வாங்கிப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. இல்லாவிட்டால் பீர் மைதீன் நேரே இலங்கைக்குப் போயிருப்பார்.

டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து பேண்ட்டைச் சங்கிலியிலிருந்து விடுவித்தார். தண்ணீர் கொடுத்தார். சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஹேண்டிலில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பைய... உருவவும். அண்ணாச்சி, இது பைய-ன்னா மெதுவாவா? இல்ல, அந்தப் பையப் புடிச்சு உருவச் சொல்லியிருக்கா?"

"மெதுவாத்தான்."

"செம்புல இவ்ளோ கரண்டு போகும்போது மெதுவா எடுத்தா பத்திக்கிடுமே. வெடுக்குன்னுல்லா புடுங்கணும்? எங்க பம்புசெட்டுல அப்படித்தான். எழுதினவரு 'பையை'ன்னு எழுத வந்து ஒரு எழுத்த விட்டுட்டாரு போல. படிக்காத ஆளோ?"

பீர் மைதீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை மறுபடி வாசித்தார்.

சேக் முகம்மது எழுத்தை விடுகிற ஆள் இல்லை. சங்கத்தில் கடிதம், சுற்றறிக்கை, உத்தரவு எதுவானாலும் அவர் கையால்தான் எழுதப்படும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று குறைந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். மெதுவாக என்று சொல்ல வேண்டுமானால் 'மெதுவாக' என்றுதான் எழுதுவார், பேச்சு வழக்கை மையால் தொடமாட்டார். பையை என்று சொல்ல வேண்டுமானால் 'பையை' என்று எழுதுவார். இரண்டும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒன்றை எழுதியிருக்கிறார். நாளைக்கு யார் கேட்டாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம்.

ஸ்டாண்டில் ஏற்றிச் சோதித்தபோது அவர் மட்டும் வெடுக்கென்று பிடுங்கினார்.

தெற்கு பஜாரில் படியில் நின்று சேக் முகம்மது கையைத் தூக்கியதுகூட ஞாபகம் வந்தது. பதறிப்போன மனிதன் இரண்டு கையையும் தூக்குவான். அவர் ஒரு கையைத் தூக்கினார். பஸ் ஏற்றிவிடுகிறவர்கள் தூக்குவது போல.

"இன்னொரு டம்ளர் தண்ணி தரட்டுமா அண்ணாச்சி?" என்றார் டீக்கடைக்காரர்.

"வேண்டாம். தெரிஞ்ச ஆளுதான் எழுதினாரு," என்றார் பீர் மைதீன், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

சைக்கிளை பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பேரன் பிறந்திருந்தான். மும்தாஜ் பேகம் பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "நேரத்துக்குப் போயிட்டியளா?" என்றாள். "ரொம்ப முன்னாலயே போயிட்டேன்," என்றார் அவர். அதில் பொய் இல்லை.

மறுநாள் பஸ்ஸில் போனார். பெயருக்கு நேரே மூன்றாவது சிவப்பு மை காய்ந்து போயிருந்தது. ஆள் வந்ததை மானேஜர் கண்ணால் பார்த்தாரே என்றால், பதிவேட்டில் வேகத்துக்குக் கட்டம் கிடையாது என்றார் அப்பாத்துரை.

மேஜைக்கு அந்தப் பக்கம் சேக் முகம்மது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, கொற்கை வரைக்கும் போனீராமே. முத்து கிடைச்சுதா?"

பீர் மைதீன் ஹேண்டிலிலிருந்து கிழித்துவந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். "கிடைச்சுது. வாசியும்."

சேக் முகம்மது வாசித்தார். எத்தனை முறை என்று தெரியாது, நாலு சொல் வாசிக்க ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆயிற்று.

"பையப் புடிச்சு உருவச் சொன்னேன் வே. நீரு மெதுவா எடுத்தா நான் என்ன செய்ய?"

"பையையா?"

"அவசரத்துல எழுதினது. ஒரு எழுத்து விட்டுப் போச்சு. இதுக்குப் போயி..."

"இருபத்தேழு வருசத்துல மொத எழுத்தா வே?"

டீ வந்தது. ஆற்றுவதற்குச் சேக் முகம்மது கை நீட்டினார். பீர் மைதீன் பையனிடம் இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார்.

பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சேக் முகம்மது, அந்த மாறுதல் உத்தரவை எழுதிக் கொண்டாரும்."

பீர் மைதீனைக் களக்காட்டுக்கு அனுப்புகிற உத்தரவை, அவருக்கு எதிரே உட்கார்ந்து, அதே மேஜையில், அதே பேனாவால் சேக் முகம்மது எழுதினார். அரை மணி நேரம் எழுதினார். அப்பாத்துரையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுவந்து நீட்டினார்.

பீர் மைதீன் வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாம் தடவை விரலை வைத்து எழுத்து எழுத்தாக வந்தார். ஒரு ஒற்று, ஒரு சுழி, ஒரு கால், எங்கேயாவது ஒன்று குறைந்திருந்தால் போதும். வயசாகிவிட்டது, ஆளுக்கு எழுத்து விட்டுப்போகிறது என்று நம்பிவிடலாம். கொற்கையை மறந்துவிடலாம். களக்காட்டுக்கே சிரித்துக்கொண்டு போகலாம். 'களக்காட்டுக் கிளைக்கு' என்பதில் க் இருந்தது. 'முற்பகல்' சரியாக இருந்தது. 'பணியேற்குமாறு' என்பதில் கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் இருந்தது.

"என்னவே இத்தன தடவ பாக்கீரு?" என்றார் சேக் முகம்மது. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தப்பு எதும் இருக்கா?"

"ஒண்ணுமே இல்ல வே," என்றார் பீர் மைதீன். "ஒண்ணு இருந்திருக்கலாம்."

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.