பித்தளை மூட்டு

முத்தலிப் நானா மூன்றாவது அடி அடித்ததும் குளியலறைச் சுவரிலிருந்து இரண்டு டைல்ஸ் கழன்று விழுந்து நொறுங்கின. புஸ்பராணிக்குத் தன் நெஞ்சில் அடித்த மாதிரித்தான் இருந்தது. பின்னே இராதா? ஒன்பது வருசம் குவைத்தில் யார் யாருடைய பிள்ளைகளுக்கோ மூக்குத் துடைத்து, யார் யாருடைய கக்கூசையோ தேய்த்துக் கட்டிய வீடு. கட்டி முடித்து மூன்று வருசமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போதுதான், லீவில் வந்து மகளோடு குடிபுகுந்து இரண்டு மாதமாகிறது. அதற்குள் சுவர் பூச்சு அம்மைத் தழும்பு மாதிரி வீங்கி, கீழே நிலம் எந்நேரமும் ஈரமாகக் கிடந்தது. சனிக்கிழமை அவளுக்குத் திரும்பப் பிளேன். இன்றைக்குப் புதன்.

முத்தலிப் நானா கிண்ணியாவிலிருந்து, பேரில் கப்பல் இருந்தாலும் அலைச் சத்தம் எட்டாத கப்பல்துறைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து வேலை செய்கிறவர். வாய் குறைவு, கை சுத்தம். சுவருக்குள் கையை விட்டுத் துழாவி, பைப்பைப் பொருத்தியிருந்த துண்டைப் பிடித்து மெல்லத் திருகினார். அது தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி அவர் கையிலேயே இரண்டாகிப் போனது. மேலே மஞ்சள், உள்ளே சாம்பல்.

"இது பித்தளை இல்ல தங்கச்சி. மேல மட்டும் பூசியிருக்கான். நம்மட உவர்த் தண்ணிக்கு இவ்வளவு நாள் நிண்டதே பெரிய விசயம்."

"இருக்காது நானா. நல்லாப் பாருங்கோ."

"பார்த்துட்டுத்தான் சொல்றன். இந்த வளையிற பைப் மெதுவான சாமான். நட்டை இறுக்க வாய் நசுங்கிப் போகும். நசுங்காம இரிக்க உள்ளுக்க ஒரு சின்னப் பித்தளைக் குழல் போடோணும். அதையும் போடல்ல."

அந்தக் குழலைப் பற்றி அவர் சொல்ல முன்னமே அவளுக்குத் தெரியும். குவைத்தில் எசமானி மடத்தின் வீட்டுக்குப் பைப் வேலைக்கு வந்த மலையாளிதான் சொல்லிக்கொடுத்தவன். வளைகிற பிளாஸ்டிக் பைப் நல்லதுதான் சேச்சி, சுவருக்குள்ளே மூட்டு மட்டும் நல்ல பித்தளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடே ஊறிப் போகும் என்றான். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பித்து. லீவு நாளில் மற்றப் பெண்கள் வளையல் கடைக்குள் நுழைய, இவள் இரும்புக் கடைக்குள் நுழைந்தாள். எல்போ, சொக்கற், உள்ளே போடும் குழல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பிறகு நாலு பெண்கள் சேர்ந்து ஒரு பெட்டியைக் கப்பலில் போட்டார்கள். சேர்ந்து போடும்போது சாமான் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு நகப்பூச்சு நிறத்தில் புள்ளி வைப்பது அவர்களின் வழக்கம். புஸ்பராணியின் நிறம் கத்தரிப்பூ. சோப்புக் கட்டியில் இருந்து பித்தளைத் துண்டு வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரு கத்தரிப்பூப் புள்ளி. "நீ என்னடி, பைப்புக்கே நகம் பூசுறியே" என்று அந்த நாலு பேரில் ஒருத்தியான ஆதிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெட்டியை எடுத்ததும், வீட்டைக் கட்டுவித்ததும் தம்பி வினோதன். அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயசு. குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது இவள். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"மேசன்மார் மாத்தியிருப்பாங்கள் நானா. என்ர தம்பி பக்கத்தில நிண்டு பூட்டினவன். என்னட்ட வீடியோ இருக்கு" என்று போனை எடுத்தாள். அது அவள் ஆயிரம் தரம் பார்த்த வீடியோ. இரவில் கால் உளைந்து நித்திரை வராதபோதெல்லாம் அதைத்தான் போட்டுப் பார்ப்பாள். பூசாத செங்கல் சுவர், அதிலே வெள்ளைப் பைப், ஒவ்வொரு முடக்கிலும் பளபளவென்று பித்தளை. "பாருங்கோ அக்கா, உங்கட சாமான்" என்று தம்பியின் குரல்.

நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

"இது எந்த வீடு தங்கச்சி?"

"இதென்ன கதை? இந்த வீடுதான்."

"இதில ஒரு ஜன்னல் தெரியுதே."

"அதைப் பிறகு அடைச்சுப்போட்டான். ரோட்டால போறவைக்குக் குளிக்கிற இடம் தெரியும் எண்டு." சொல்லும்போது அவளுக்கு இப்போதும் பெருமையாகத்தான் இருந்தது.

"ம். அந்த இரைச்சல்?"

"காத்து. நானும் அப்பவே கேட்டனான். காத்து எண்டு சொன்னவன்."

முத்தலிப் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காத்து இப்பிடி விட்டு விட்டு இரையாது தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். புஸ்பராணிக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. "உங்களுக்கு என்ர தம்பியைத் தெரியாது. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த நிமிசமே செருப்பைப் போட்டாள். நானா தண்ணீரின் மெயின் வால்வைப் பூட்டப் போனார்.

டவுனில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறி, தம்பி இருக்கும் இறக்கக்கண்டிக்குப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் மனிசன் ஒரு வார்த்தை சொன்னான் என்று கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுவதா? மானங்கெட்ட மனசு. அதுவும் எந்த நேரத்தில்! மகள் கீர்த்தனிக்குப் பதினேழு வயசு. இவ்வளவு காலமும் தம்பலகாமத்தில் மாமியார் வைத்துப் பார்த்தவர். அந்த மனுசியும் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். புருசன் இல்லை. இனி இரண்டு வருசம் பிள்ளை மாமன் வீட்டில் நின்றுதான் ஏ.எல். படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே அவளுடைய சூட்கேசைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. தம்பி வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தாள். உள்ளே போக நேரம் இருக்கவில்லை.

வினோதன் வீட்டுக்குப் பின்னால், கடற்கரைப் பக்கமாக, வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள் கட்டியிருந்தான். புஸ்பராணி அவற்றைப் போட்டோவில்தான் கண்டிருக்கிறாள்; இந்த லீவில் தம்பிதான் அவளிடம் வந்து போனான். "வாங்கோ மச்சாள், சொல்லாமக் கொள்ளாம" என்று தம்பி பெண்சாதி தயாளினி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று புஸ்பராணி பின்பக்கம் நடந்தாள். முதல் அறை திறந்து கிடந்தது.

குளியலறைக்குள் கால் வைத்ததும் ஜன்னலைக் கண்டாள். நீலச் சட்டம், கீழ் மூலை உடைந்த மேடை. ஆயிரம் தரம் பார்த்த மூலையல்லவா, மறக்குமா? முழங்காலிட்டு, கை கழுவும் பேசினுக்குக் கீழே குனிந்தாள். சுவரிலிருந்து வெளியே வந்த வெள்ளைப் பைப்பின் முனையில் பித்தளை. ஒரு துளி ஈரமில்லை. நட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். கத்தரிப்பூப் புள்ளி. ஷவருக்குப் போகும் பைப்பில் இன்னொன்று. வெளியே கடல் விட்டு விட்டு இரைந்தது.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. குவைத்தில் பாதி இரவில் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டது இந்தச் சுவரையா? அறையில் கிடந்த அத்தனை பெண்களுக்கும் "இதடி என்ர வீடு" என்று காட்டினது இதையா? காற்று இரைகிறது, எங்கட கப்பல்துறைக் காற்று என்று போனைக் காதில் வேறு வைத்துக் கேட்டாளே, அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"என்னக்கா, கீழ இருந்து என்ன தேடுறியள்?" வினோதன் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றான்.

"காத்தைத் தேடுறன்."

அவளுடைய விரல் நின்ற இடத்தைப் பார்த்தான். கோப்பையை ஜன்னல் மேடையில் வைத்தான்.

"அது அக்கா... வெள்ளைக்காரன் தங்கிற இடம். ஒருநாள் ஒழுகினாலே போனில எழுதிப் போடுவாங்கள், பிறகு ஒருத்தரும் வரமாட்டினம். உங்கட வீடு பூட்டித்தானே கிடக்கப் போகுது எண்டு நினைச்சன்."

"என்னட்டக் கேட்டிருந்தா இன்னொரு பெட்டி அனுப்பியிருப்பனேயடா."

"தெரியும் அக்கா."

"அப்ப வீடியோ?"

"நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள். அங்க தனியக் கிடந்து கஸ்ரப்படுறியள், ஒரு சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான்..." அவன் குரல் இளகியது. பொய்யாகவும் இளகவில்லை, அதுதான் அவளை வதைத்தது. "வேணுமெண்டா நாளைக்கே எல்லாத்தையும் கழட்டித் தாறன். இதை மனசில வச்சுக்கொண்டு பயணத்தைக் கெடுக்காதேங்கோ. கீர்த்தனிக்கு முன் அறையை ஒதுக்கியிருக்கு. பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு ஒவ்வொரு நாளும் வீடியோவில காட்டுறன். நீங்கள் நிம்மதியாப் போங்கோ."

புஸ்பராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வயசில் தலையில் சவர்க்காரம் போட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு இவளுடைய சட்டையைப் பிடித்துக்கொள்வானே, அதே முகம்தான். ஒரு மாற்றமும் இல்லை. பைப்பைப் பிடித்து எழும்பினாள். அது அசையவில்லை, நல்ல பிடி.

"அதை நீ கழட்ட வேண்டாம். நல்லாத்தான் பூட்டியிருக்கு" என்றாள்.

முன் அறைக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமை வைத்த சூட்கேஸ் திறக்கப்படாமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. இழுத்தெடுத்தாள். "மச்சாள், என்ன இது? தேத்தண்ணி குடிக்காம?" என்று தயாளினி பின்னால் வந்தாள். வினோதன், "அக்கா, சனிக்கிழமை டிக்கெற்? மடத்துக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று படலை வரைக்கும் வந்தான். அவள் சூட்கேசைப் படலைக்கு வெளியே எடுத்து வைத்தாள்.

சூட்கேசின் ஒரு சில்லு உடைந்திருந்தது. மணலில் அரைவாசி இழுத்தும் அரைவாசி தூக்கியும் பஸ் தரிப்புக்கு வந்து சேர்ந்தாள். பஸ்ஸைக் காணவில்லை. போன் அடித்தது. டவுனில் ரியூசன் முடிந்து கீர்த்தனி.

"அம்மா, வீட்டில தண்ணி வருதா? நானா வால்வைத் திறந்திட்டாரா?"

"இல்லப் பிள்ளை. இன்னும் திறக்கேல்ல."

"நீங்கள் எங்க நிக்கிறியள்? என்னம்மா அந்த இரைச்சல்?"

புஸ்பராணி சூட்கேசின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடல்" என்றாள்.

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, அலை அடித்த பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.