எட்டாவது டிகிரியில் தூரி

தூரி கதோனாவ் பாறைச்சரிவில் புதைந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1954 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மண்ணுக்கு இரண்டரை மீட்டர் கீழே மிகத் தெளிவாகத் தெரிந்தான். அன்று வெயில் இருந்தது, காற்று இல்லை. எங்கள் பிரவேலா கிராமம் மறு வசந்தத்தில் அணைநீருக்குள் போவதாக இருந்தது. ஊரை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கல்லறைகளைக்கூடப் பெயர்த்து மலைமேல் இருந்த புதுக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூரியின் மனைவி பார்லா மட்டும் போடவில்லை. புருஷனைத் தண்ணிக்கடியில் விட்டுவிட்டு வர முடியாது என்றாள். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சரிவைத் தோண்டிப் பார்த்தவள் அவள். கிடைத்தது பூட்ஸ் ஆணி ஒன்றுதான்.

மூழ்கப்போகும் ஊரைப் படமெடுத்து வைக்கச் சூரிக்கிலிருந்து வந்திருந்தாள் ஹெட்விக் ரைனர். அதிகம் பேசாதவள். அவளுடைய கேமரா கிடையாகப் போன ஒற்றைத் தண்டின்மேல் நின்றது. முன்னால் லென்ஸ் பொருத்திய பலகை, பின்னால் உருவம் வந்து விழும் மங்கல் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே கறுப்புத் துருத்தி. பின்பலகையை அவள் சாய்ப்பதில்லை, சாய்த்தால் வீடுகளின் உருவம் கோணிவிடும். முன்பலகையை மட்டும் முன்பக்கமாகச் சாய்ப்பாள். அப்படிச் சாய்த்தால், படத்தில் தெளிவாக விழும் பரப்பு, அதாவது சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கூர்மைத் தளம், பாய் மாதிரி தரையோடு படுத்துக்கொள்ளும். காலடிப் புல்லும் எதிர்க்கரைத் தொழுவமும் ஒரே கூர்மையில் விழும். அவளுடைய லென்ஸுக்கும் அவள் நின்ற உயரத்துக்கும் எட்டு டிகிரி சாய்த்தால் அந்தப் பாய் சரியாகப் புல்லின்மேல் விரியும். சாய்வு குறைந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். அன்று பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனவள் மூன்று டிகிரி வந்ததும் ஒரு நிமிடம் நின்றாள். கண்ணாடியில் புல் மங்கிப்போயிருந்தது. கற்களுக்கு நடுவே, வைக்கோல் கட்டும் கயிறு தோளில் சுற்றியபடி ஒருவன் கூர்மையாகக் கிடந்தான்.

ஊர் எழுத்தர் பிளாசி முதலில் கேமராவுக்குப் பின்னால் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மங்கல் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் விழும்.

"தூரியேதான். அப்பவும் நேரா நின்னதில்ல, இப்பவும் தலைகீழாத்தான் கெடக்கான்."

"வாயை மூடுய்யா, நகரு" என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்லா குனிந்தாள். துணியை இரண்டு கைகளாலும் இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "மீசைய வழிக்காமலே போயிருக்கான் பாரு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள்.

மண்வெட்டி எடுக்க ஓடியவர்களை ஹெட்விக் நிறுத்தினாள். மாட்டளவு பாறைகள் கிடந்தன. பனி விழுவதற்குள் தோண்டி முடியாது. ஆனால் பலகையைச் சாய்க்கும் திருகை முடியளவு நகர்த்தியபோது அவன் மங்காமல் கூடவே நகர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்லா பக்கம் திரும்பினாள்.

"தளம் மேல வந்தா இவரும் வருவார்னு தோணுது. ஆனா கைதவறி மங்கிட்டா, திரும்பக் கிடைப்பாரான்னு எனக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?"

"உனக்குக் கை நடுங்குமா?"

"குளிர்ல நடுங்கும்."

பார்லா தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி அவள் விரல்களில் மாட்டி, நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டாள்.

ஐந்து மணிநேரம் ஆனது. அரை டிகிரிக்கு ஒருமுறை ஹெட்விக் சாய்வைக் கூட்டி, தண்டின்மேல் பலகையை நகர்த்தித் தெளிவைச் சரிசெய்தாள். பார்லா துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவேயில்லை. ஐந்து டிகிரியில், "நெத்தி மங்குது, நிறுத்து!" என்று கத்தினாள். ஹெட்விக் திருகைப் பின்னுக்குத் திருப்பினாள். நெற்றி திரும்பி வந்தது. ஏழில் புல்லின் வேர்கள் அவன் முகத்தருகே தெரிந்தன. எட்டில் தூரி புல்லின்மேல் கிடந்தான். ஒரு புல்லும் மடியவில்லை, ஒரு கல்லும் புரளவில்லை. ஹெட்விக் ஷட்டரை அழுத்தினாள். அதன் பிறகு லென்ஸைக் கழற்றியபோதும் அவன் அங்கேயே இருந்தான்.

பார்லாவுக்கு ஐம்பத்துநாலு வயது. அவன் முப்பத்தொன்றிலேயே நின்றிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதிலிருந்த மண்ணை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்தாள். "புள்ள மாதிரி இருக்கான்" என்று சொன்னபோதுதான் அழுதாள். பிறகு எழுந்து, பிளாசியிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கி, அவர் முதுகின்மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். பாதிரியாருக்கு எந்தத் துதிப்பாட்டைப் பாடுவது என்பதில் மட்டும்தான் சந்தேகம் இருந்தது, நீண்டதையே பாடினார்கள். மே மாதம் தண்ணீர் வந்தது. கல்லறைக் கல்லில் எந்த ஆண்டைச் செதுக்குவது, போனதா வந்ததா என்று கல்தச்சர் கேட்டார். "ரெண்டையும் போடு" என்றாள் பார்லா. அவர் இரண்டையும் செதுக்கினார். இடம் போதாததால் எழுத்துகள் கொஞ்சம் சிறிதாக இருக்கின்றன.