ஒண்ணாம் வகுப்பின் இடது கால்கள்

பதினொரு வருடமாக ஊராருக்கு மண்டியிட்டு ஷூ மாட்டிவிடுகிறவருக்கு, பள்ளிவிட்டு வந்த மகளின் கால்களைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. வலது காலில் போன மாதம் அவரே தான் வேலை பார்க்கும் ஷூ கடையிலிருந்து எடுத்துவந்த ஷூ, ஒட்டுப் பட்டை வைத்தது. இடது காலில் யாரோ ஒரு பையனுடைய லேஸ் ஷூ. அதுவும் ஒரு அளவு பெரியது.

"இது யாருதுடி?"

"பேக்கரிக்காரங்க வீட்டுப் பையனுது," என்றாள் சிட்டு. அவள் நடக்கிற நடைக்கு வீட்டில் வைத்த பெயர் அது. "மாத்திக்கிட்டோம். கிளாஸ்ல எல்லாருமே மாத்திக்கிட்டோம்!"

"எதுக்கு?"

"நல்லா இருக்குல்ல?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா கைப்பேசியை எடுத்துவிட்டார்.

கடையில் அவரைப் போல் அளவு பார்க்க ஆள் கிடையாது. நுனியைக் கட்டை விரலால் ஒரு அமுக்கு, குதிகாலில் ஒரு தட்டு. அவ்வளவுதான், எண்ணைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமை முழுவதையும் திரட்டிப் பெற்றோர் குழுவில் பதினான்கு வரி எழுதினார். குழந்தையின் பாதம் ஈரக் களிமண் மாதிரி. பொருந்தாத ஷூ ஒரே நாளில் நடையைக் கெடுத்துவிடும். டீச்சர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? கடைசி வரி: 'இதை ஆரம்பித்தது எந்தக் குழந்தையோ, அந்த வீட்டார் பதில் சொல்லியாக வேண்டும்.'

காய்ந்த சருகில் நெருப்பு வைத்த மாதிரி ஆயிற்று. பல் டாக்டர் அம்மா கிருமிகளைப் பற்றி எழுதினார். தன் மகன் இரண்டு இடது ஷூக்களோடு வீடு வந்திருக்கிறான் என்று வக்கீல் படம் பிடித்துப் போட்டார். இரண்டு வலது ஷூக்கள் போய்ச் சேர்ந்த வீடு மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இருட்டுவதற்குள் தலைமையாசிரியையிடமிருந்து அறிவிப்பு வந்தது: நாளை காலை எட்டரைக்குக் கூட்டம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்துவந்த மனைவி, எல்லாவற்றையும் நின்றபடியே படித்தாள்.

"கால் உடைஞ்சு வந்தவங்களைப் பாத்துட்டு வரேன். உங்க பொண்ணு கால் ரெண்டும் ஜம்முனு இருக்கு. இதுக்கா இவ்வளவு கூத்து?"

"உனக்குத் தெரியாது. இது என் தொழில்."

"சரிங்க, தொழிலதிபரே," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

அப்போது வக்கீலிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. 'அந்த டீச்சர் இன்னும் தற்காலிகம்தான். இந்த வாரம்தான் வேலையை உறுதி செய்யப்போகிறார்களாம். நல்ல வேளை, முன்கூட்டியே தெரிந்தது.' அதைப் படித்தபோது ஷூக்காரருக்கு நெஞ்சில் சின்னதாக ஒன்று குத்தியது. அந்த டீச்சர் வந்த மூன்று மாதத்தில்தான் சிட்டு காலையில் அழாமல் கிளம்புகிறாள்.

மறுநாள் காலையும் மனைவி ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். சிட்டுவைக் கிளப்புவது அவர் பொறுப்பு. வாசலை ஒட்டிய அலமாரியில், மங்கிய விளக்கில், அந்த லேஸ் ஷூவைப் பையில் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

அடித்தட்டில் இரண்டு கறுப்பு ஷூக்கள் இருந்தன. ஒன்று போன வருடத்து பக்கிள் வைத்த ஷூ, வலது. இன்னொன்று புதியது, ஒட்டுப் பட்டை வைத்தது.

இடது.

புது இடது வீட்டை விட்டே போகவில்லை. அப்படியென்றால் நேற்று மகள் எதைப் போட்டுக்கொண்டு போனாள்? நேற்றுக் காலை காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, புதுச் சரக்கு வந்த கணக்கைக் கேட்டபடி ஷூ மாட்டிவிட்டது ஞாபகம் வந்தது. பழைய பக்கிள் ஷூவின் இடதைத்தான் அலமாரியில் காணோம்.

"சிட்டு... நேத்து நீ போறப்பவே ரெண்டு கால்லயும் வேற வேற ஷூவா?"

"ஆமா. நீதானே போட்டுவிட்ட!" அவள் முகம் மலர்ந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா ஷூ கடையில இருக்காரு, இப்ப இதுதான் புதுசா வந்திருக்கு, உங்கப்பாவுக்கெல்லாம் தெரியாதுன்னு சொன்னேன். அப்புறம் எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. பாய்ல விளையாடுறதுக்குக் கழட்டி வெச்சோம்ல, அப்ப மாத்திக்கிட்டோம்."

"டீச்சருக்கு இது தெரியுமா?"

"தெரியும். டீச்சர் ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

வலது காலில் ஷூவும் இடது காலில் செருப்புமாகச் சிட்டு பள்ளிவரை குதித்துக்கொண்டே வந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேசினால் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும். ஆனாலும் புறப்படும்போது அந்தப் புது இடது ஷூவையும் பையில் போட்டிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கூட்டத்தில் உட்கார இடமில்லை. பெரியவர்கள் ஒண்ணாம் வகுப்பின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சுவரோரம் நின்றாள். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"யார் ஆரம்பிச்சது? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் வக்கீல்.

"ஆறு வயசுப் பிள்ளைங்க சார். பேர் சொல்ல மாட்டேன்."

"அப்ப பொறுப்பு உங்களுதுதான்."

"சரி சார். என்னுதாவே இருக்கட்டும்."

அவள் பார்வை ஒரு நொடி ஷூக்காரர் மேல் பட்டு, உடனே ஜன்னல் பக்கம் திரும்பியது. தலைமையாசிரியை பேனா மூடியைக் கழற்றினார்.

ஷூக்காரர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, பையிலிருந்த ஷூவை மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"இடது கால் ஷூ, மேடம். நேத்து எங்க வீட்டை விட்டு வெளியவே வரல. நான்தான் அவசரத்துல பொண்ணுக்கு ஜோடி மாத்திப் போட்டுவிட்டேன். அவ அதைப் புது ஃபேஷன்னு சொல்லிட்டா. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் நடந்ததுதான்."

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்த வீட்டார் பதில் சொல்லியாகணும்னு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம். பதிலும் நான்தான்."

பிறகு வக்கீல் மெதுவாகக் கேட்டார்: "நீங்க ஷூ கடையிலதானே இருக்கீங்க?"

"பதினொரு வருஷமா."

முதலில் சிரித்தது பல் டாக்டர் அம்மா. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். பேக்கரிக்காரர் தொடையில் தட்டினார். "அதான் எங்க வீட்டு வாலு நேத்து, 'உனக்கு ஏம்ப்பா எதுவுமே தெரியல'ன்னு கேட்டானா!" கடைசியில் வக்கீலுக்கும் தாங்கவில்லை, சிரிப்பை அடக்கப் பார்த்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

"டீச்சர், வகுப்புக்குப் போங்க," என்றார் தலைமையாசிரியை. "உங்க ஆர்டர் மத்தியானத்துக்குள்ள கையெழுத்தாயிடும். சார், நீங்க போகக் கூடாது. இந்த ஷூவையெல்லாம் ஜோடி சேர்த்துட்டுப் போங்க."

ஷூக்காரர் தாழ்வாரத்தில் மண்டியிட்டார். நுனியில் ஒரு அமுக்கு, குதிகாலில் ஒரு தட்டு. இருபத்தேழு பிள்ளைகள் வரிசையில் வந்து கால் நீட்டினார்கள். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்; சிட்டுவின் முறை வந்து, அவள் காலில் அவர் புது இடது ஷூவை மாட்டியபோது, அவள் குனிந்து காதில் கேட்டாள்.

"அப்பா, தப்பாத்தான் போட்டுவிட்டியா?"

"ஆமாடா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

வரிசையின் கடைசியில் பேக்கரிக்காரரின் மகன், பக்கிள் வைத்த காலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். லேஸ் ஷூவை நீட்டியதும் உதடு பிதுங்கியது. ஷூக்காரர் அவனை உட்காரவைத்து, பக்கிள் ஷூவின் நுனியை அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கம்தான். நேற்று எழுதிய பதினான்கு வரிகளும் நினைவுக்கு வந்தன.

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "மணி அடிக்கிற வரைக்கும் போட்டுக்கோ," என்று கிசுகிசுத்தார். "அப்பாகிட்ட சொல்லாத."