மாற்றிக் கொடுத்த உறை

ஃபர்ஹத் மாற்றியது ஒரே ஓர் உறையைத்தான்.

பாளையங்கோட்டையில் நடந்த ஓர் ஆய்வில் அவள் பிசியோதெரபிஸ்ட். கைப்பிடிக் கருவியை இரண்டு நிமிடம் அழுத்தியபடி அசையாமல் பிடிக்க வேண்டும். நடுநடுவே ஓய்வுவிட்டு நான்கு முறை, வாரம் மூன்று நாள், எட்டு வாரம். இதனால் சும்மா இருக்கும்போதுள்ள ரத்த அழுத்தம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. பாதிப் பேருக்குப் பயிற்சி. மீதிப் பேர் வழக்கமான மாத்திரையோடு, அளந்து பார்க்க மட்டும் வர வேண்டும். யார் எதில் என்பதை, மூடி ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லும்.

அவளுடைய தாய்மாமா ஷேக் மைதீனும் சேர்ந்திருந்தார். அவருக்குரிய உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பயிற்சி இல்லை. அடுத்ததில் இருந்தது. அதை மாமாவிடம் கொடுத்தாள். மாமாவின் உறை அடுத்து வந்த உவரிக்காரர் பர்னபாஸுக்குப் போயிற்று.

பர்னபாஸ் கடலுக்குப் போகிறவர். வாரந்தோறும் இரண்டு பஸ் மாறி வந்து கையை நீட்டினார். எட்டு வாரம் முடிந்தபோது மாமாவுக்கு ஒன்பது குறைந்திருந்தது. பர்னபாஸுக்கு அதே நூற்றைம்பத்திரண்டு.

“ஒரு வாரம்கூடத் தப்பாம வந்தேனே தாயி. எனக்கு ஏன் கொறையல?” தப்பு தன்மேல்தான் என்பதுபோல் கேட்டார்.

மூன்றாம் நாள் தலைமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவருடைய அளவுகளையும் நீக்கிய அவர், அவளையும் ஆய்விலிருந்து நீக்கினார். அது அவளுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை உவரிக்குப் போனாள்.

பர்னபாஸின் மனைவி மார்கரெட் கொடுத்த காப்பியைத் தொடாமலே சொல்லி முடித்தாள். “அந்தப் பயிற்சி ஒங்களுக்குள்ளது அண்ணாச்சி. எங்க மாமாவுக்குக் கொடுத்துட்டேன்.”

மார்கரெட் எழுந்து உள்ளே போய்விட்டாள். பர்னபாஸ் அவளைப் பார்த்தார்.

“ஒங்க மாமாவுக்குக் கொறஞ்சிருக்கா?”

“ஒம்பது கொறஞ்சிருக்கு.”

“அப்பம் எனக்கும் சொல்லிக் கொடுங்க.”

மாத்திரையை நிறுத்தக் கூடாதென்று சொல்லி, வாங்கி வந்திருந்த கருவியைக் கையில் வைத்துக் காட்டினாள். கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள் அதை எளிதாகப் பிடித்தன. இரண்டு நிமிடத்தையும் அவளே எண்ணினாள்.

ஒன்பது வாரம் கழித்து அவரே போன் செய்தார். “நூத்தி நாப்பத்தஞ்சு தாயி. ஏழு கொறஞ்சிருக்கு.”

“நல்லது அண்ணாச்சி” என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்பே குறைந்திருக்கக்கூடிய ஏழு. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.