இடது காலுக்கு ஒரு கிளட்ச்

கணுக்கால் உடைந்து ஒன்பது மாதம் ஆகியும், அவளுடைய இடது கால் தூக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தது. விடிகிற நேரத்தில் போர்வைக்குள் அந்தக் கால் மெல்ல நீளும், எதையோ அழுத்தும், பிறகு பதமாக விடும். அழுத்துவதற்கு அதற்கு அகப்படுவது பெரும்பாலும் கணவரின் முழங்கால்தான்.

“இன்னிக்கு நாலாவது கியர் வரைக்கும் போயிட்ட,” என்பார் அவர், முழங்காலைத் தடவியபடி.

அவள் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதிப்பவள். எழுத்துப் பலகையையும் லென்ஸ் பெட்டியையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, பதினெட்டு வருடப் பழைய காரில் நாற்பது பள்ளிகளைச் சுற்றி வந்தாள். அதில் ஒரு பள்ளியின் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் மூன்று துண்டானது. உள்ளே இரண்டு தகடுகள், ஏழு திருகுகள் வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து காரைக் கணவர்தான் ஓட்டினார். வீட்டில் இருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவர் தொழில். ஒரு புள்ளி இடம் மாறினாலும் அவர் கண் பிடித்துவிடும். தன் இடது கால் எந்நேரமும் கிளட்ச் மேலேயே சாய்ந்து ஓய்வெடுப்பதை மட்டும் அது பிடித்ததில்லை. ஒன்பதே மாதத்தில் கிளட்ச் தேய்ந்து தீர்ந்தது. ஒரு நாள் மேட்டில் எஞ்சின் கத்தோ கத்தென்று கத்தியது, வண்டி மட்டும் நகரவில்லை.

மெக்கானிக்கை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

“பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் மூணையும் சேத்து மாத்திடுங்க. கியர்பாக்ஸை இறக்குறதுதான் இதுல பெரிய வேலை. அதை ரெண்டு தடவை இறக்க வெச்சீங்கன்னா நான் பேரை மாத்திக்கிட்டு ஊரை விட்டே போயிடுவேன். சாமானை நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க. அப்புறம் இவன்தான் மட்டமானதைப் போட்டான்னு என் தலையில வரக் கூடாது பாருங்க.”

கணவர் அன்றே போய் ஒரு கனமான பெட்டியோடு வந்தார். மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். ரேடியோ பெட்டியைப் பிரித்துப் பிரஷர் பிளேட்டைக் கையில் எடுத்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“இது லோடு அடிக்கிற வண்டிக்குப் போடுறதாச்சே. உழைக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். யாரு ஓட்டப் போறீங்க?”

“நான்தான்,” என்றாள் அவள்.

“நான்தான்,” என்றார் கணவரும், அதே நொடியில்.

ரேடியோ வாயடைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கார் ஓட்டலாம் என்று எலும்பு டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு கணவரும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியை மூடினாள். “கடை எங்க இருக்கு? வாங்க போலாம்.”

அந்தக் கடை ஒரு ரயில் பெட்டியைப் போல நீளமாக, ஒடுங்கி இருந்தது. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். நடுவில் கம்பியில் கோத்துத் தொங்கிய கிளட்ச் பிளேட்டுகள் மின்விசிறிக் காற்றில் மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் தெரு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கிரீஸும் புது ரப்பரும் கலந்த வாசனை. அவளுக்கு நேரம் போவதே தெரியவில்லை. ஒரு பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் பல் வெட்டிய துளை, அதைச் சுற்றி நான்கு குட்டி ஸ்பிரிங்குகள். துளை வழியே கடையின் கடைசியில் இருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஈரத்தில் பச்சையாக ஏதோ அசைந்தது. இத்தனை வருடமாக இப்படி ஒன்றைத்தான் காலால் தொட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். முகம் தெரியாமலே பழகிய ஆளை நேரில் பார்த்தது போல இருந்தது.

“அதுதான் உங்க வண்டிக்குக் கம்பெனியில போட்டு அனுப்பினது,” என்றாள் கடைக்கார அக்கா. ஐம்பது தாண்டியவள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். “பெட்டியில பேரே இல்லாத சரக்கும் இருக்கு, அதை நான் உங்களுக்குத் தர மாட்டேன். மூணாவது, நீங்க திருப்பிக் கொண்டுவந்திருக்கிற இந்தக் கனமான செட்டு. ஓட்டப் போறது நீங்களாம்மா?”

“ஆமாக்கா. இடது கால்ல தகடு இருக்கு.”

அக்கா யோசித்தாள். பார்சல் நிறுக்கும் தராசைத் தரையில் இழுத்துப்போட்டு, எதிரே ஒரு நாற்காலியை வைத்தாள். “உக்காருங்க. காரை ஓட்டுற மாதிரி நினைச்சுக்கிட்டு இதுல அழுத்துங்க. வலிச்சா விட்டுடணும்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அழுத்தினாள். முள் ஆறுக்குப் போனது, எட்டுக்குப் போனது. பத்தில் கால் லேசாக நடுங்கியது. பதினொன்றில் முழங்கால் வரைக்கும் வலி ஒரு கம்பியைப் போலச் சுருக்கென்று இழுத்தது. விட்டுவிட்டாள்.

“பத்து கிலோ. போதும்மா. கம்பெனி செட்டு ஏறக்குறைய அவ்வளவுதான் கேக்கும். தேஞ்ச பிளேட்டுதான் காலைப் படுத்தும், புதுசு போட்டா மிதி தானாவே லேசாயிடும். கேபிளையும் மாத்திடுங்க, பாதி கனம் அந்தப் பழைய கேபிள்லதான் இருக்கும்.” பிறகு கணவரைப் பார்த்தாள். “அந்தக் கனமான செட்டு பதினஞ்சு, பதினாறு கேக்கும். நேத்தே சொன்னேனே சார், காலுக்கு முடியாதவங்க ஓட்டுறதா இருந்தா வேணாம்னு. நீங்க, பரவாயில்லை கொடுங்கன்னீங்க.”

கணவர் தொங்கிய பிளேட்டுகளில் ஒன்றைப் பிடித்து, அது சுற்றாமல் நிறுத்தினார்.

அக்காவுக்குத் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்தது. மேஜை டிராயரிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். “பின்னாடி நம்ம டெலிவரி வேன் நிக்குது. அதே எஞ்சின், போன மாசம்தான் கம்பெனி செட்டு போட்டோம். போய் மிதிச்சுப் பாருங்க. அவசரம் ஒண்ணுமில்லை.”

வேன் ஒரு தாழ்வாரத்துக்குக் கீழே நின்றது. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி முழுக்க நீர் வழிந்து, எதிரே இருந்த சுவர் கரைந்து ஓடுவது போலத் தெரிந்தது.

“தெரிஞ்சேதான் வாங்கினேன்,” என்றார் அவர்.

அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அவர் பக்கம் திரும்பினாள்.

“நீ விழுந்த அன்னிக்கு ஃபோன்ல என்கூடத்தான் பேசிக்கிட்டிருந்த. திடீர்னு உன் குரல் நின்னுபோச்சு. அப்புறம் பிள்ளைங்க சத்தம் மட்டும்தான். பதினோரு நிமிஷம் நான் ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டே இருந்தேன். நீ மறுபடியும் தனியா அவ்வளவு தூரம் போறதை என்னால நினைச்சுப் பாக்கவே முடியலை. இந்தச் செட்டைப் போட்டா உன்னால மிதிக்க முடியாது, நானே கூட்டிட்டுப் போகலாம்னு…” அவர் முடிக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குன்னு வாயால சொல்லியிருக்கலாம்,” என்றாள் அவள். “அதைப் பெட்டியில போட்டு வாங்கிட்டு வந்திருக்க வேணாம்.”

“தப்புதான்.”

அவள் கண்ணாடியில் வழிகிற நீரைப் பார்த்தாள். “அந்தப் பதினோரு நிமிஷமும் எனக்கு நினைவு தப்பவே இல்லை. ஒரு சின்னப் பொண்ணு ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் அழக் கூடாதுன்னு எழுத்துப் பலகையை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சுக் காட்டினா. கடைசி வரி வரைக்கும். அவளுக்கு அவ்வளவு நல்ல கண்ணு.”

“இதை நீ சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லை. வலிக்குதான்னு மட்டும்தான் கேட்டீங்க.”

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டார். அவள் இடது காலை மிதிமேல் வைத்தாள். கண்களை மூடிக்கொண்டு அழுத்தினாள். தண்ணீருக்குள் கால் இறங்குவது போல மிதி இறங்கியது. கணுக்கால் முனகியது, கம்பி இழுக்கவில்லை. எஞ்சின் அணைந்தே கிடந்த அந்த வேனில், மழைக்கு நடுவே, அவள் மூன்று முறை அழுத்தி மூன்று முறை விட்டாள். நாற்பது பள்ளிகளுக்கும் போகிற வளைவுகள் ஒவ்வொன்றாக உள்ளங்காலுக்குள் வந்து போயின.

“இதுதான்,” என்றாள்.

கம்பெனி செட்டும் புதுக் கேபிளும் வாங்கினார்கள். பிளேட் ஒட்டிச் சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தைக் கழற்றிக் கடைந்து சமமாக்காமல் புதுப் பிளேட்டைப் போட வேண்டாம், அதிரும் என்று ரேடியோவிடம் சொல்லச் சொல்லி அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த ரேடியோ, தனக்கே பாடம் எடுக்கிறார்களா என்று அரை மணி நேரம் புலம்பிவிட்டு, சொன்னபடியே செய்தார்.

மூன்றாம் நாள் காலை வண்டி தயாரானது. பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எஞ்சினை அணைத்துவிட்டாள். மூன்றாவது முறை கார் தயங்கித் தயங்கித் தெருவில் இறங்கியது. கணவர் பக்கத்தில் இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துப் போ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருடைய தாடை சொல்லிற்று.

நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் கால் களைத்தது. ஓரமாக நிறுத்தினாள். மூடுபனி இன்னும் தண்ணீர்மேல் படுத்திருந்தது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வலிக்குதா?” என்றார். உடனே, “இல்லை, அதைக் கேக்கலை. எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லா இருக்கு. யாரோ புதுசா கால் மாட்டிவிட்ட மாதிரி.”

அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். “நான் இங்கேர்ந்து நடந்து போயிக்கிறேன். நீ ஒரு சுத்து சுத்திட்டு வா.”

“வீடு நாலு கிலோமீட்டர்.”

“நடக்குறேன். கால் நல்லாத்தானே இருக்கு எனக்கு.”

அவள் சிரித்தாள். கிளட்ச்சை அழுத்தி முதல் கியரைப் போட்டு, பதமாக விட்டாள். வண்டி குலுங்காமல் கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். பனி வழிவிட்டு விலகிக்கொண்டே போக, சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.